பதிமூன்றாவது அட்டெம்ப்ட்

மார்ச் 8, ஞாயிறு

இது கோழித்தீவனக் கம்பெனி கொடுத்த டைரி. ஜனவரியில் எங்கள் ஆபீசுக்குப் பதினெட்டு டைரி வரும். தோல் அட்டை போட்டதெல்லாம் மேலிடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழி நிற்கும் இந்த டைரி வருஷா வருஷம் எனக்கு. எந்த வருஷமும் ஜனவரி பத்தைத் தாண்டி எழுதியதில்லை. இந்த முறை மார்ச்சில் தொடங்குகிறேன், அந்தக் கண்டம் இல்லை.

முதல் பக்கத்தில் தன்விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: சென்னியப்பன். வயது: நாற்பத்து நான்கு. ஊர்: நாமக்கல். ரத்த வகை: பி பாசிட்டிவ். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் ஆடிட்டர். பால்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் அர்த்தநாரி அண்ணன், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் ஆடிட்டர், அவ்வளவுதான் ஊர்க்கணக்கு. என் மாமனார் கல்யாணப் பத்திரிகையிலேயே அதைப் போட்டு அச்சடித்துவிட்டார். அடுத்த அட்டெம்ப்ட்டில் ஆகிவிடப்போகிறோம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. உண்மையில் நான் ஆடிட் அசிஸ்டெண்ட். சி.ஏ. ஃபைனலில் முதல் குரூப் பாஸ். இரண்டாவது குரூப் பன்னிரண்டு தடவை ஃபெயில்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்று, டி.வி. சத்தமாக இருக்கிறது என்று ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். மகள் மௌனிகாவுக்கு அப்போது எட்டு வயது. என் மனைவி பூங்கொடி சண்டை போடவில்லை. இனிமேல் இந்தப் பரீட்சை வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். சரியென்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

நேற்று மதியம் ஃபாரம் கட்டிவிட்டேன். மே மாதம் பரீட்சை. பூங்கொடிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கோழியிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நாற்பத்து நான்கு வயது ஆள் திருட்டுத்தனமாகப் படிக்க இந்த ஊரில் இடமே இல்லை. நூலகத்தில் உட்கார்ந்தால் ஒருவர் வந்து பென்ஷன் சந்தேகம் கேட்கிறார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்கிறார்கள். கடைசியில் செங்கோட்டுவேல் பண்ணை கிடைத்தது. நாங்கள் கணக்குப் பார்க்கும் கோழிப்பண்ணை. வருஷக் கடைசி இருப்புச் சரிபார்க்கிற வேலை அங்கே இருக்கிறது. நாற்பதாயிரம் கோழியை எண்ணி முடிக்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது, அது எனக்கு வசதி.

முட்டை குடோனில் குளிர்ச்சியும் அமைதியும் ஒரு மேசையும் இருக்கின்றன. காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை அது என் கல்லூரி. புத்தகங்களைக் காலி முட்டை அட்டைகளுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறேன்.

மொத்தம் மூன்று பேப்பர். மறைமுக வரி என்பது ஜி.எஸ்.டி., அது தலையணை தடிமனில் நான்கு புத்தகம். இன்னொன்று நான் படித்த காலத்தில் இல்லவே இல்லை. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாமாம். பார்த்து எழுதச் சொல்கிறார்கள் என்றால் கேள்வி எவ்வளவு கஷ்டமாக இருக்கும். நேரடி வரிக்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. வருமான வரிதானே, இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுவதே அதுதான். தண்ணீர் பட்ட பாடு.

மார்ச் 13, வெள்ளி

மௌனிகா ப்ளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்று கணக்குப்பதிவியல். பேருக்கும் அவளுக்கும் சம்பந்தமே கிடையாது. செருப்பைக் கழற்றும்போதே கேள்வித்தாள் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு மார்க்கூடப் போகாதாம். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் சி.ஏ.தான் படிக்கப்போறேன். நீங்க மொதத் தடவையே பாஸ் பண்ணீட்டீங்கல்ல, அந்த மூளையில கொஞ்சமாச்சும் எனக்கு இருக்கும்ல."

ஆறாம் வகுப்பில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அப்பா எத்தனை தடவை எழுதி ஆடிட்டர் ஆனீர்கள் என்று கேட்டாள். ஒரே தடவை என்று சொல்லிவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை. அதை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறாள்.

பூங்கொடி அடுப்படியிலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 14, சனி

படிக்கவில்லை.

மார்ச் 18, புதன்

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மௌனிகா சி.ஏ. முதல்கட்டப் பரீட்சைக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் மே ஒன்று. அதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருஷம் அடிபட்டவன் வீட்டிலேயே இருக்கும்போது, இது சுலபம் என்று நினைத்துக்கொண்டு அவள் இறங்கக் கூடாது. என்ன கொடுமை என்றால் என் ரிசல்ட் ஜூலையில்தான் வரும். பாஸ் பண்ணிவிட்டு, "பன்னெண்டு தடவை விழுந்தேன் கண்ணு, ஆனா எந்திரிச்சுட்டேன்" என்று சொன்னால் ஒரு கௌரவம். வெறும் பன்னிரண்டை மட்டும் எப்படிச் சொல்வது?

ஆபீசில் லீவு கேட்டேன். எங்கள் ஆடிட்டர் கிருபாகரனுக்கு வயது முப்பத்தாறு. இங்கே டிரெயினிங்குக்கு வந்த பையன்தான். ரசீதில் பச்சை மையில் டிக் போடுவது எப்படி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் பண்ணி, ஆபீசைத் தொடங்கிய பெரியவர் போனபிறகு ஆபீசையே எடுத்துக்கொண்டார். இன்னும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. இப்படி எழுதிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது.

மே மாதம் எதற்கு லீவு என்றார். குலதெய்வம் கோயில் என்றேன். மூன்று நாள், ஒன்று விட்டு ஒன்று என்றேன். எங்கள் குலதெய்வத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை, சரி என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

பூங்கொடிக்குக் கொஞ்ச நாளாக ஞாபக மறதி. படிக்கிற பிள்ளைக்குப் பாதாம் பால் காய்ச்சுகிறாள், அளவு தெரியாமல் இரண்டு டம்ளர் ஆகிவிடுகிறது. வீணாக்க முடியாதே, நான்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. காலையில் பண்ணைக்குக் கிளம்பும்போது டிபன் டப்பாவில் முறுக்கும் வேர்க்கடலையும் வைக்கிறாள். கோழி எண்ணப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். எண்ணினாலும் பசிக்குமே என்றாள்.

ரேஷன் கடை, கேஸ் புக்கிங், அவள் அம்மாவுக்கு மாத்திரை, எதற்கும் இப்போதெல்லாம் என்னை அனுப்புவதில்லை. தானே போய்விட்டு வருகிறாள். நான் கவனித்தவரை அவளுக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

மார்ச் 27, வெள்ளி

ஜி.எஸ்.டி. இரண்டாவது புத்தகம் முடிந்தது. முதல் புத்தகம் மறந்துவிட்டது.

ஏப்ரல் 1, புதன்

புது நிதியாண்டு. இன்றிலிருந்து ஆபீசில் எல்லாமே புது வரம்பு, புது விகிதம். கிருபாகரன் என்னைத்தான் எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். ஒரு மணி நேரம், காகிதத்தைப் பார்க்காமல், வரிசையாகச் சொன்னேன். டிரெயினிங் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நேரடி வரி பேப்பரில் இந்த முறை எனக்கு அறுபதுக்குக் குறையாது.

போன தடவைகளில் ஏன் முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்றே வந்தது என்றால் அது திருத்துகிறவர்கள் கோளாறு. பாஸுக்கு நாற்பது. வேண்டுமென்றே ஒன்று இரண்டு மார்க்கில் நிறுத்துவார்கள். தினமும் அதே வேலை செய்கிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?

ஏப்ரல் 9, வியாழன்

முட்டை குடோனில் எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். மறைமுக வரியில் ஐம்பத்தொன்று. பார்த்து எழுதும் பேப்பரில் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே நேரம் போய்விட்டது, நாற்பத்தாறு. நேரடி வரிக்கு வைக்கவில்லை, நேரம் வீண்.

செங்கோட்டுவேல் வந்து எட்டிப் பார்த்தார். ஆடிட்டர் இவ்வளவு ஆழமாகத் தம் பண்ணைக் கணக்கைப் பார்க்கிறாரே என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. வியர்த்த முகத்தோடு நின்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும் இன்னும் அதிகமாகப் பயந்தார். போகும்போது ஒரு அட்டை முட்டையை வண்டியில் வைக்க வந்தார், மறுத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மௌனிகா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வாங்கப்பா பதிவு செய்துவிடலாம் என்றாள். போட்டோ சரியில்லை, புதிதாக எடுக்க வேண்டும் என்றேன். எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் நீலம் இருக்கக் கூடாது, வெள்ளைதான் வேண்டும் என்றேன். மத்தியானம் வெள்ளையில் எடுத்துக்கொண்டு வந்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, சர்வர் மெதுவாக இருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் வேகமாக இருக்கும் என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

பூங்கொடி தைலத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தேய்த்துவிடவில்லை.

ஏப்ரல் 25, சனி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மூவரும் கூடத்தில் இருந்தோம். பூங்கொடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மௌனிகா மறுபடியும் லேப்டாப்பைத் திறந்தாள். இன்னும் ஆறு நாள்தான். இனிமேல் தலைவலிக்கவும் இடமில்லை.

"கண்ணு, நான் ஆடிட்டர் இல்ல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களா என்று பதறினாள். இல்லை, எப்போதுமே இல்லை என்றேன். இரண்டாவது குரூப் பாஸ் ஆகவில்லை, எழுதினேன், ஃபெயில், மறுபடி எழுதினேன், ஃபெயில் என்று சொல்லிக்கொண்டே போனேன். எத்தனை தடவை என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லி ஒன்பது வருஷமாகிறது.

"மொதத் தடவையேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். பொய் சொன்னேன்."

நான் எதிர்பார்த்தது பன்னிரண்டைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று. அவள் கேட்டது வேறு.

"அந்த ரிமோட்ட ஒடைச்சீங்களே, அதுக்குத்தானா? நான் ஏதோ தப்புப் பண்ணீட்டேன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறேன்."

அழுதுவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை சுவரோரம் நின்றது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்பது வருஷமாக என் சத்தியத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், இவளைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. மன்னிச்சுக்கோ சாமி என்றேன். அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடுவோம் என்று பூங்கொடி பக்கம் திரும்பி, மே மாதம் மறுபடி எழுதப்போகிறேன், சத்தியத்தை மீறிவிட்டேன் என்றேன். அவள் கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தெரியுமுங்க. நீங்க ஃபாரத்துக்குப் பணம் கட்டுன மெசேஜு எம்போனுக்குத்தான வரும்."

கூட்டுக் கணக்கு. அவள் நம்பர். ஊரில் எல்லோர் பாங்க் கணக்கையும் வரிவரியாகப் பார்க்கிறவன் நான். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, கோழிகளைச் சரியாக எண்ணினேனா என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மௌனிகா பேசவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

பேசவில்லை. அவள் வாய் ஓயாமல் பேசும்போது தலைவலி என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். இந்த வீடு இவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது. பூங்கொடியைக் கேட்டேன். கோபம் ஃபெயிலானதற்கு இல்லை, விட்டுவிடுங்கள், தானாக வருவாள் என்றாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வந்தாள். குட்மார்னிங்கூட இல்லை, மார்க்‌ஷீட்டையெல்லாம் கொடுங்கள் என்றாள். பன்னிரண்டையும் கொடுத்தேன். கூடத்துத் தரையில் வருஷவாரியாகப் பரப்பி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஸ்டிக்கர் அடுக்கும்போது உட்காருவதுபோல்தான் இருந்தது. பத்து நிமிஷம் பார்த்தாள்.

நேரடி வரி வரிசையை மட்டும் விரலால் காட்டினாள். முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தொன்பது, மறுபடி முப்பத்தெட்டு. மற்ற பேப்பர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருந்தன. பாடத்திட்டம் நாலு தடவை மாறியிருக்கிறது, இது மட்டும் மாறவில்லை. திருத்துகிறவர்கள் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு தடவையும் வேறு வேறு ஆட்கள்தானே திருத்தியிருப்பார்கள் என்றாள். அதுவரை அப்படி நான் யோசித்ததே இல்லை.

கேள்வித் தொகுப்பை எடுத்து ஒரு கேள்வி வாசித்தாள். ஒரு கம்பெனிக்கு வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, தக்க ஆலோசனை கூறுக. எனக்கா தெரியாது. முதல் வேலையாகப் பதினைந்து நாள் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன்.

மூன்று நாள் கோபமும் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. விழுந்து புரண்டு சிரித்தாள். பூங்கொடியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். புத்தகத்து விடையில் சட்டப்பிரிவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. அவகாசம் இல்லை. ஆனால் நாங்கள் ஆபீசில் எந்த நோட்டீசுக்கும் செய்வது அதுதான்.

அடுத்த கேள்விக்கு வரம்பு என்ன என்று டக்கென்று சொன்னேன். புத்தகத்தில் வேறு எண் என்றாள். அச்சுப்பிழை என்றேன். அவள் முதல் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். மே பரீட்சைக்குப் போன வருஷச் சட்டம்தான் பொருந்தும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. இதை நான் எத்தனை டிரெயினிங் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்குப் பழைய வரம்பு ஞாபகத்திலிருந்தே போய்விடும். மே மாதம் ஹாலில் உட்கார்ந்து புதிய சட்டத்தை அழகாக எழுதிவிட்டு வந்திருக்கிறேன். நவம்பர் மாதங்களில் அவகாசம் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு தடவை.

"நீங்க பரீட்சை எழுதலைங்கப்பா. ஆபீஸ் வேலை பாத்துட்டு வந்திருக்கறீங்க" என்றாள்.

ஏப்ரல் 30, வியாழன்

மௌனிகா பதிவு செய்துவிட்டாள். எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிந்துதானே செய்கிறாய் என்று கேட்டேன். இப்போதுதான் தெரிந்து செய்கிறேன் என்றாள். ஒரு கண்டிஷன்: அவள் எந்தப் பேப்பரில் எத்தனை மார்க் வாங்கினாலும் நான் வெளியில் கூட்டிச் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

எனக்கு நேரடி வரி நடக்கிறது. அவள் கேட்பாள், நான் சொல்ல வேண்டும். ஆபீஸ் பதில் வந்தால் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. முதல் நாள் அக்கம்பக்கம் வந்து என்ன பூஜை என்று கேட்கும் அளவுக்குச் சத்தம்.

மே 5, செவ்வாய்

இன்று தட்டுச் சத்தம் ஒன்பதுதான். பூங்கொடி தட்டு நசுங்கிவிட்டது என்று வேறு தட்டு மாற்றிக் கொடுத்தாள்.

மே 9, சனி

நேரடி வரி. பரீட்சை மதியம் இரண்டு மணிக்குத்தான், ஆனால் சேலத்துக்குக் காலை ஒன்பதரை பஸ்ஸையே பிடித்துவிட்டேன். ஹாலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஒரு பெண், சார் எக்ஸ்ட்ரா ஷீட் எப்போ தருவீங்க என்று கேட்டது. எனக்கே தெரியாது பாப்பா என்று சொல்லிவிட்டு அதன் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தேன். அது நாக்கைக் கடித்துக்கொண்டது.

மூன்றாவது கேள்வி நோட்டீஸ். கை தானாக அவகாசம் கேட்டு முதல் வார்த்தையை எழுதிவிட்டது. அடித்தேன். நான்காவதில் புது வரம்பு வந்தது, அதையும் அடித்தேன். பேப்பரில் அடித்தல் அதிகம். இருந்தாலும் முழுதாக எழுதினேன். வெளியே வந்து பூங்கொடிக்குப் போன் செய்து, தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்றேன்.

மே 11, திங்கள்

மறைமுக வரி. பரவாயில்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டேன், நாமக்கல்லைத் தாண்டிப் பரமத்தி வேலூரில் எழுப்பினார்கள். திரும்பி வர ஒரு மணி நேரம்.

மே 13, புதன்

பார்த்து எழுதும் பேப்பர். டிராலி பை நிறையப் புத்தகம். கல்லூரி மாடிப்படியில் அதைத் தூக்க முடியாமல் நின்றேன். பக்கத்து இடத்துப் பெண்தான் ஒரு பக்கம் பிடித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மௌனிகா கலர் கலராகக் காகிதம் ஒட்டியிருந்தாள். நான்கு மணி நேரத்தில் மூன்று முறைதான் பையைத் திறந்தேன்.

முடிந்தது. ரிசல்ட் எப்படி இருந்தாலும் ரிமோட் பத்திரமாக இருக்கும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மௌனிகா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மே 16, சனி

மௌனிகா ப்ளஸ் டூ ரிசல்ட். 561. தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாயிற்று. கணக்குப்பதிவியலில் ஒரு மார்க் போய்விட்டது. ஒரு வாரமாக அதைப் பற்றியே பேசப்போகிறாள், பேசட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

கிருபாகரனிடம் குலதெய்வம் பொய்யைச் சொல்லிவிட்டேன். தெரியும் அண்ணா என்றார். ஹால் டிக்கெட்டை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்திருக்கிறேன், ஒரு காப்பி அதிலேயே கிடந்ததாம். ரகசியம் என்ற ஒன்று எனக்கு வராது என்று தெரிகிறது.

ஜூலை 4, சனி

நாளை ரிசல்ட் என்கிறார்கள். பூங்கொடி மூன்று டம்ளர் பாதாம் பால் காய்ச்சினாள், ஞாபக மறதி சரியாகிவிட்டது.

ஜூலை 5, ஞாயிறு

மௌனிகாதான் பார்த்தாள். என் நம்பரைத் தப்பாக அடித்து, யாரோ ஒருத்தர் ஃபெயில் என்று வந்து, ஒரு நிமிஷம் வீடே செத்துப்போனது. மறுபடி அடித்தாள்.

நேரடி வரி 54. மறைமுக வரி 51. பார்த்து எழுதும் பேப்பர் 49. மொத்தம் 154. நூற்றைம்பது போதும்.

நான் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவை கூட்டினேன். அப்புறம் பூங்கொடி லேப்டாப்பை என் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் இதற்காக ஒரு நாள்கூட என் முன்னால் அழுததில்லை. மௌனிகா மேலும் கீழும் குதித்து அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். கிருபாகரன் போனில், "அண்ணா, போர்டுல உங்க பேர் எழுத ஆள் சொல்லீடட்டுங்களா?" என்றார். எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. இந்தமுறை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கிலோ லட்டு வாங்கி வந்தேன். வாங்கிய பிறகுதான் சிக்கல் உறைத்தது. என்ன சொல்லிக் கொடுப்பது? தெருவைப் பொறுத்தவரை நான் இருபது வருஷமாக ஆடிட்டர். மௌனிகா டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், நான் பின்னாலேயே போனேன். முதலில் அர்த்தநாரி அண்ணன் வீடு.

"என்ன ஆடிட்டரே விசேசம்? பாப்பா ரிசல்ட்டுக்குத்தான் மே மாசமே குடுத்துட்டீங்களே" என்றார்.

சும்மாதான் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவர் லட்டை எடுத்துக்கொண்டார். நான் திரும்பி நடந்தேன். மௌனிகா கேட்டருகே நின்றவள் நகரவில்லை. டப்பாவை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள்.

நான் திரும்பவும் படியேறினேன். "அண்ணா, நான் இத்தன வருசமா ஆடிட்டர் இல்லீங்க. இன்னைக்குத்தான் பாஸ் பண்ணேன்" என்றேன்.

அவர் பாதி லட்டோடு நின்றார். அப்படியென்றால் கோயில் கமிட்டிக் கணக்கில் போன வருஷம் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார். எழுதியது நான், கையெழுத்து கிருபாகரனுடையது என்றேன். எத்தனை தடவை எழுதினேன் என்று கேட்டார். பதிமூன்று என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் உள்ளே திரும்பிச் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்க வா. நம்ம ஆடிட்டர் பாஸ் பண்ணீட்டாராம்."

தெருவில் பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொன்னேன். சிலர் நம்பவில்லை, சிலருக்குப் புரியவில்லை, இஸ்திரிக்காரர் மட்டும் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவருக்கு நிலுவையில் இருக்கும் ஒரு நோட்டீசைப் பற்றிக் கேட்டார். பதினான்காவது வீட்டிலேயே லட்டு தீர்ந்துவிட்டது. மீதி இரண்டு வீட்டுக்கும் வெறுங்கையோடு போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.